வேம்பநாட்டு ஆற்றுக்கொஞ்சு

நமது பழந்தமிழ் நூல்களிலே 'இறவு' என்றும் 'இறா' என்றும் பேசப்படுவது நெய்தல் நிலத்துக் கழியிலும் கடலிலும் துள்ளும் இறால். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட இறாலோ ஆற்றிலே வாழ்வது. கேரள நாட்டில் இதனை ஆற்றுக்கொஞ்சு என்பர். வங்காளத்தில் இதற்குக் கல்தா சிங்ரி என்று பெயர். ஆந்திர தேசத்தார் இதன் நீலநிறக் கைகளைக் கண்டு நீலகண்ட ரொய்ய என்று சிவபெருமானின் திருநாமத்தையே இதற்குச் சூட்டிவிட்டனர். ஆண் இறால் 32 சென்டிமீட்டர் வரை, அதாவது ஓர் அடிக்கும் சற்று அதிகமாக வளரும். பெண் 25 சென்டிமீட்டர் வரை வளரும். உடலைவிட நீண்ட இரண்டு கைகள் ஆணுக்கு உண்டு. நன்னீர் இறால்களுள் இதனைப் போன்று பெரியவை உலகில் வெகு சிலவே.

இத்தனை பெரிய பிராணி விஞ்ஞானிகளின் கண்ணில் படாமல் இருந்திருக்க முடியாது. கிழக்கிந்தியத் தீவுகளில் அம்பொய்னாவில் வாழ்ந்து, கண் பார்வை இழந்த பிறகும் செடிகொடிகளையும் சிப்பி நண்டுகளையும் பற்றி எழுதிக்கொண்டே இருந்த ரம்பியஸ் என்பாருடைய நூல் 1705இல், அவர் காலமான பின்னர், வெளிவந்தது. அதிலேயே இந்த இறால் இடம்பெற்றுவிட்டது. ஆனால் முறைப்படி ஒரு விஞ்ஞானப் பெயர் கிடைக்க 1879 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. டெ மான் என்ற டச்சு விலங்கியலார், அத்தீவுகளில் உயிரினங்களைச் சேகரித்த ஃபான் ரோசன்பெர்க் என்பவரின் நினைவாக இதற்கு ரோசன்பெர்கி என்று பெயரிட்டார். அப்பெயரும் உடனே நிலைக்கவில்லை. அமெரிக்க ஆறுகளில் உள்ள வேறோர் இறாலின் பெயரான கார்சினஸ் என்பதையே நம் நாட்டு நூல்கள் பலவும் நெடுங்காலம் இதற்கு வழங்கிவந்தன. மாக்ரோபிராக்கியம் ரோசன்பெர்கி என்ற இன்றைய பெயர் எல்லோராலும் ஏற்கப்பட்டது 1959 வாக்கில்தான். மாக்ரோபிராக்கியம் என்றால் நீண்ட கையுடையது என்று பொருள். பெயர் வைப்பதில் இவ்வளவு தடுமாற்றம் இருந்ததென்றால், இதன் வாழ்க்கையை அறிந்துகொள்வதில் இன்னும் பெரிய தடுமாற்றம் இருந்தது. அந்தத் தடுமாற்றத்தின் விலையைத்தான் கேரளத்து வேம்பநாட்டுக் காயல் இன்றளவும் கொடுத்துவருகிறது.

வேம்பநாட்டுக் காயலின் அமைப்பை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கடலோரமாக வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் காயல் அது. அதன் வடகோடி கொச்சித் துறைமுகத்தருகே கடலோடு கலக்கிறது. தெற்கே பம்பை, அச்சன்கோவில், மணிமலை, மீனச்சில் ஆகிய ஆறுகள் மலைநாட்டு மழைநீரைக் கொணர்ந்து அதிலே சேர்க்கின்றன. இந்த ஆறுகள் சேறு கொட்டி உண்டாக்கிய தாழ்நிலமே குட்டநாடு. அங்கே வயல்கள் கடல் மட்டத்துக்கும் கீழே, சில இடங்களில் ஓர் ஆள் உயரத்துக்கும் அதிகமாகத் தாழ்ந்து கிடக்கின்றன. வரப்புக்கு மேலே படகு போகும். வரப்புக்குக் கீழே நெல் விளையும். மழைக்காலத்தில் காயல் முழுவதும் நன்னீராக இருக்கும். மழை ஓய்ந்து ஆறுகள் மெலிந்ததும் கொச்சி முகத்துவாரத்தின் வழியே உப்புநீர் தெற்கு நோக்கி ஏறிவரும். ஆண்டுதோறும் நன்னீரும் உப்புநீரும் இவ்வாறு மாறிமாறி அக்காயலை ஆண்டுவந்தன.

ஆற்றுக்கொஞ்சின் வாழ்க்கை இந்த மாற்றத்தை அச்சாணியாகக் கொண்டது. வளர்ந்த இறால் ஆற்றிலும் வாய்க்காலிலும் நெல்வயலை அடுத்த நீர்நிலைகளிலும் இரவிலே இரை தேடி வாழும். பெண் தன் முட்டைகளை வயிற்றடியிலே சுமந்துகொண்டு திரியும். நன்கு வளர்ந்த பெண் ஒன்று 80,000 முதல் ஒரு லட்சம் முட்டை வரை சுமக்கும். முதலில் அவை ஆரஞ்சு நிறமாக இருக்கும். மூன்று வாரங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறிப் பொரியும். தென்மேற்குப் பருவமழையின் வெள்ளத்தோடு இந்தத் தாய் இறால்கள் ஆற்றைவிட்டுக் காயலின் வடபகுதியை நோக்கி இறங்கத் தொடங்கும். பயணம் ஏன் எனில், பொரித்த குஞ்சு நன்னீரில் பிழைக்காது. உப்புக் கலந்த நீரை அது சில நாட்களுக்குள் அடைந்தாக வேண்டும். அங்கே வாலை முன்னிட்டுத் தலைகீழாக நீந்தியவாறே பதினொரு பருவங்களைக் கடந்து, மூன்று முதல் ஆறு வாரங்களில் சின்னஞ்சிறு இறாலாக உருவெடுக்கும். பிறகுதான் அது தாய் வந்த வழியே திரும்பும். நீரோட்டத்தை எதிர்த்துத் தரையோடு ஊர்ந்தும், ஈரப் பாறைகளின் மேல் தொற்றி ஏறியும் ஆற்றை அடையும். இறங்குவது தாய், ஏறுவது பிள்ளை. இரண்டுக்கும் வழி திறந்திருக்க வேண்டும்.

குட்டநாட்டு மீனவர்கள் இதனை விஞ்ஞான நூல் படித்து அறிந்தவர்கள் அல்லர். எந்த மாதத்தில் எந்த நீரில் கொஞ்சு கிடைக்கும் என்பது அவர்களுக்குக் கைவந்த பாடம். வீச்சுவலை, ஊன்றுவலை, சீனவலை, தூண்டில் என்று இடத்துக்கேற்ற கருவிகள் இருந்தன. நெடுங்காலம் அது ஊருக்குள்ளேயே உண்ணப்பட்ட பண்டம். தேங்காய்ப்பாலும் குடம்புளியும் சேர்த்து ஆக்கிய கொஞ்சுக் கறியிலே, தலையில் உள்ள கொழுப்புத்தான் சுவை மிகுந்தது என்று அவ்வூரார் சொல்லக் கேட்கலாம்.

இந்நிலை 1950களில் மாறியது. 1953இல் கொச்சியிலிருந்து உறைபதன இறால் முதன்முதலாக அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அது கடல் இறாலை முன்னிட்டுத் தொடங்கிய வியாபாரம். ஆயினும் ஆற்றுக்கொஞ்சும் விரைவிலேயே அதில் அகப்பட்டுக்கொண்டது. அயல்நாட்டார் விரும்பியது வாற்சதையை மட்டுமே. தலையும் நீண்ட கைகளும் சேர்ந்து உடல் எடையில் பாதிக்கு மேல் இருக்கும். ஊரார் எதனை அமிர்தமாகக் கருதினரோ அது பதனிடும் சாலையின் வாயிலிலேயே கழிக்கப்பட்டது. விலை ஏறிற்று, வலைகளும் பெருகின. காயலுக்கு இறங்கிவரும் தாய் இறால்கள் எளிதிலே கூட்டமாக அகப்படும் காலமே நல்ல வேட்டைக் காலமும் ஆகையால், முட்டை சுமந்தவையும் ஏராளமாகக் கூடையேறின. அப்படியிருந்தும் 1960களில் இக்காயலில் ஆண்டொன்றுக்குச் சுமார் 400 டன் கொஞ்சு பிடிக்கப்பட்டது. வலைக்கு இரையானதைக் காட்டிலும் வழியிலே பிழைத்தது அதிகமாக இருந்தது என்றுதான் இதற்குப் பொருள்.

இதே காலத்தில் மலேயாவின் பினாங்குத் தீவில், ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஷாவோ வென் லிங் என்ற சீன விஞ்ஞானி இந்த இறாலைத் தொட்டியிலே வளர்க்க முயன்றுகொண்டிருந்தார். முட்டைகள் பொரித்தன, குஞ்சுகளோ சில நாட்களிலேயே மடிந்தன. எந்த உணவைக் கொடுத்தும் பயனில்லை. வளர்ந்த இறால் நன்னீரிலே கொழுத்துத் திரிகிறது. அதன் குஞ்சுக்கு நன்னீரே நஞ்சாகும் என்று யார் நினைப்பர்? மனம் சலித்த ஒரு நாள் அவர் தம் மதிய உணவிலிருந்த சோயாச் சாற்றைக் குஞ்சுகள் இருந்த பாத்திரத்தில் விட்டுப் பார்த்தார் என்றும், அவை உயிர்த்தெழுந்தாற்போல் நீந்தின என்றும் ஒரு கதை சொல்லப்படுகிறது. சோயாச் சாற்றில் இருப்பது பெரும்பாலும் உப்பு அன்றோ! கதையில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். ஆனால் 1961, 1962ஆம் ஆண்டுகளில் அவர் உறுதிசெய்த உண்மை மெருகு வேண்டாதது. குஞ்சு பிழைக்க உப்புநீர் வேண்டும். கடல்நீரில் மூன்றில் ஒரு பங்கு அளவான உப்பே அதற்கு ஏற்றது.

இனி நெல்லின் கதைக்கு வருவோம். 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் ரங்கூன் அரிசி நின்றுபோனது. அதனை நம்பியிருந்த திருவிதாங்கூர் சமஸ்தானம் பசியால் வாடியது. அந்த ஆண்டுகளில்தான் காயலுக்குள்ளேயே சேற்றுக்கரை எழுப்பி நீரை இறைத்துச் சித்திரை, மார்த்தாண்டம், ராணி என்று அரச குடும்பத்தாரின் பெயர்களால் பெரிய நெல்வயல்கள் ஆக்கப்பட்டன. காயலைத் தூர்த்து வயலாக்கும் வேலை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கியதுதான். பஞ்சம் அதனை விரைவாக்கியது. அவ்வயல்களுக்குப் பகை இரண்டு. ஒன்று மழைக்கால வெள்ளம். மற்றொன்று கோடைக்கால உப்பு. வெள்ளத்தைக் கடலுக்குள் வடிக்க 1955இல் தோட்டப்பள்ளியில் மதகு கட்டினர். உப்பைத் தடுக்கத் தண்ணீர்முக்கத்தில் காயலின் குறுக்கே அணை கட்டத் திட்டமிட்டனர். அது 1970களின் நடுவில் இயங்கத் தொடங்கியது. இரு ஓரங்களிலும் மதகுகள் அமைந்தன; நடுப்பகுதிக்குக் கதவுகள் போடாமல் மண்ணணையாகவே அடைத்துவிட்டனர். தற்காலிகமாக என்று போட்ட அந்த மண், நாற்பது ஆண்டுகள் அங்கேயே கிடந்தது.

டிசம்பர் நடுவில் மதகுகளை இறக்குவது வழக்கம். மார்ச்சு நடுவில் திறக்க வேண்டும் என்பது திட்டம். அறுவடை தாமதமானால் திறப்பும் ஏப்பிரல், மே வரை தள்ளிப்போகும். அதாவது, வடக்கே உப்புநீரில் உருப்பெற்ற குஞ்சுகள் தெற்கே ஆறுகளை நோக்கி ஏறவேண்டிய மாதங்களில்தான் கதவு மூடப்படுகிறது. உப்பின் எல்லையும் வடக்கே சுருங்கிவிட்டது. குஞ்சுக்கு உப்பு தேவை என்ற உண்மை நிலைநாட்டப்பட்டுச் சற்றேறக்குறைய பதினைந்து ஆண்டுகளுக்குள் இது நடந்தது. பினாங்கில் தெரிந்தது தண்ணீர்முக்கத்துக்கு எட்டவில்லையா, அல்லது எட்டியும் நெல்லின் முன்னே இறாலின் வழக்கு எடுபடவில்லையா என்று கேட்கத் தோன்றுகிறது. பின்னதே உண்மைக்கு நெருக்கம் என்பது என் கருத்து. 1965, 1966ஆம் ஆண்டுகளில் நாடு முழுவதும் அரிசிக்குத் தவித்ததை அறிந்தவர்கள், அணை கட்டியவர்களை எளிதிலே குற்றவாளிக் கூண்டில் ஏற்றமாட்டார்கள். ஒரு விவசாயிக்கு உப்பு ஏறிய வயல் என்பது அவ்வாண்டின் கஞ்சி போயிற்று என்பதே.

ஆயினும் கணக்கு கணக்குத்தான். 1980களின் இறுதியில் வேம்பநாட்டுக் காயலில் கிடைத்த ஆற்றுக்கொஞ்சு ஆண்டுக்கு 40 டன்னளவாகக் குறைந்துவிட்டது. பத்தில் ஒரு பங்கு! முழுப் பழியும் அணையைச் சாராது. தாய் இறாலைப் பிடித்தது, காயலின் பரப்பைச் சுருக்கியது, வயலில் தெளித்த பூச்சிமருந்து எல்லாம் சேர்ந்தே இது நேர்ந்தது. ஆனால் மருந்தும் கழிவும் கடலுக்கு அடித்துச் செல்லப்படாமல் தேங்கியதற்கும், உப்பு பட்டதும் மடியும் ஆகாயத்தாமரை தெற்குக் காயலில் படகு போக இடமின்றி மண்டியதற்கும் அணையே காரணம். அணைக்குத் தெற்கே வலைவீசிப் பிழைப்பவர்கள் கதவைத் திற என்பதும், வயலுடையவர்கள் இன்னும் சில நாள் பொறு என்பதும் அன்று முதல் ஆண்டுதோறும் கேட்கும் குரல்களாகிவிட்டன.

இயற்கை வழி அடைபட்ட அதே ஆண்டுகளில் செயற்கை வழி உலகெங்கும் திறந்தது. 1965இல் மலேயாவிலிருந்து இந்த இறாலை ஹவாய்த் தீவுக்குக் கொண்டுபோய், தக்குஜி ஃபுஜிமுரா என்பவர் லட்சக்கணக்கில் குஞ்சு பொரிக்கும் முறையைச் சில ஆண்டுகளில் வகுத்தார். தைவானும் தாய்லாந்தும் அதனை மேற்கொண்டன. சீனத்துக்கு இந்த இறால் 1976இல்தான் சென்றது. அது அந்நாட்டுப் பிராணியே அன்று. இன்றோ உலகில் வளர்க்கப்படும் ஆற்றுக்கொஞ்சில் பாதிக்கு மேல் சீனத்தின் குளங்களில் விளைகிறது. 2020இல் உலக விளைச்சல் ஏறத்தாழ 3 லட்சம் டன்.

வளர்ப்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. ஒரே நாளில் விட்ட குஞ்சுகள் ஒரே அளவாக வளரமாட்டா. ஆண்களுள் சில நீண்ட நீலக்கை பெற்றுக் குளத்துக்கு அதிகாரிகளாகி நிற்கும். சில ஆரஞ்சுக் கையோடு விரைந்து வளரும். மற்றவை அஞ்சி ஒதுங்கிக் குள்ளமாகவே இருந்துவிடும். நீலக்கையனைப் பிடித்து அப்புறப்படுத்தினால், அதுவரை ஒடுங்கிக் கிடந்த ஒன்று வளரத் தொடங்கும். ஆகவே அறிந்த பண்ணையாளர் ஒரே நாளில் குளத்தை வற்றவிட்டுப் பிடிப்பதில்லை. பெரியதை அவ்வப்போது பொறுக்கி எடுத்து மற்றவற்றுக்கு இடங்கொடுப்பார்.

நமது நாட்டில் இத்தொழில் ஆந்திரத்தில், சிறப்பாக நெல்லூர்ப் பக்கத்தில், தழைத்தது. அதற்கு இரு நிகழ்ச்சிகள் வழிவகுத்தன. 1994 முதல் வெண்புள்ளி நோய் கடலோரத்து உப்புநீர் இறால் பண்ணைகளைச் சூறையாடியது. அடுத்து, தமிழகத்துச் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, கடற்கரை இறால் பண்ணைகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. பண்ணையாளர் உள்நாட்டு நன்னீர்க் குளங்களுக்குத் திரும்பினர். ஏற்றுமதியாளர் இதற்கு 'ஸ்காம்பி' என்று பெயர் சூட்டினர். ஐரோப்பாவில் அப்பெயர் வேறொரு கடற்பிராணிக்கு உரியது. வாங்குவோர் வாயில் நுழையும் பெயராக இருந்தால் போதும் என்பது வியாபாரத்தின் இலக்கணம். 2005-06இல் இந்தியாவின் விளைச்சல் 42,000 டன்னைத் தாண்டியது.

அந்த உச்சியில் அது நிலைக்கவில்லை. 2001 வாக்கில் நெல்லூர்ப் பகுதிக் குஞ்சு பொரிப்பகங்களில் ஒரு புதிய நோய் தலைகாட்டியது. குஞ்சின் வாற்சதை பால்போல் வெளுக்கும். சில நாட்களில் தொட்டி முழுவதும் மடிந்துவிடும். மேற்கிந்தியத் தீவுகளில் 1990களில் முதலில் அறியப்பட்ட இந்த வெண்வால் நோய்க்கு ஒரு வைரசும் அதனோடு ஒட்டித் திரியும் துணை வைரசும் காரணம் என்பர். நம் நாட்டில் இதனை ஆராய்ந்து அடையாளம் காட்டியவர்கள் தமிழகத்தின் மேல்விசாரத்திலுள்ள அப்துல் ஹக்கீம் கல்லூரியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் என்பதை மகிழ்ச்சியோடு சொல்லலாம். வளர்ந்த இறால் நோயைச் சுமக்கும், ஆனால் நோயால் சாகாது. ஆகவே நோயுற்ற தாயைப் பார்த்து அறிய வழியில்லை. மேலும், ஒரே குளத்துத் தாய்களையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதால் வம்சமும் மெலிந்தது. 2009இல் அமெரிக்க வெள்ளைக்கால் இறாலை வளர்க்க அரசு அனுமதி அளித்ததும் பண்ணையாளர் அதன் பக்கம் சாய்ந்தனர். உச்சியைத் தொட்ட ஐந்தாறு ஆண்டுகளுக்குள் நம் நாட்டு ஸ்காம்பி 10,000 டன்னுக்கும் கீழே இறங்கியது.

வம்சத்தைத் திருத்தப் புவனேசுவரத்திலுள்ள மத்திய நன்னீர் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 2007இல் வேலை தொடங்கியது. அதற்காக அவர்கள் எங்கே போயினர்? குஜராத், ஒரிசா, கேரளம் ஆகிய மூன்று இடத்து இறால்களைச் சேர்த்தே இனப்பெருக்கம் செய்தனர். பண்ணை இறாலின் இரத்தம் மெலியும்போது ஆற்று இறாலிடம்தான் கைநீட்ட வேண்டியிருக்கிறது. அந்த ஆறுகளுள் வேம்பநாட்டில் விழும் ஆறுகளின் நிலையைத்தான் மேலே கண்டோம்.

கேரள அரசு பொரிப்பகங்களில் உண்டாக்கிய குஞ்சுகளைக் காயலில் விட்டுவருகிறது. அறுவடையான வயலில் நீரைத் தேக்கி மீனும் கொஞ்சும் வளர்க்கும் 'ஒரு நெல், ஒரு மீன்' ஏற்பாடும் நடைபெறுகிறது. ஒரு பருவம் மட்டும் நெல் விளைவித்து, மற்றைக் காலத்தில் காயலை உப்புக்குத் திறந்துவிடலாம் என்று யோசனை கூறுவாரும் உளர். தண்ணீர்முக்கத்தின் நடுப்பகுதிக்குக் கதவுகள் அமைக்கும் வேலை 2010களின் பிற்பகுதியில் ஒருவாறு நிறைவுபெற்றது. பழைய மண்ணணை அதன் பிறகே அகற்றப்பட்டது. ஆகவே முழு அகலத்துக்கும் திறக்கக்கூடிய கதவுகள் இப்போது உண்டு. எந்த நாளில் மூடுவது, எந்த நாளில் திறப்பது என்பதை ஆண்டுதோறும் விவசாயிகளையும் மீனவர்களையும் அழைத்துப் பேசியே முடிவுசெய்கின்றனர். டிசம்பரில் அக்கூட்டம் நடக்கும் வேளையில், அணைக்கு வடக்கே குஞ்சுகள் தலைகீழ் நீச்சலை விட்டுத் தரையில் ஊன்றி நடக்கப் பழகிக்கொண்டிருக்கும்.